யோகாஸ்தாவின் கதவைப் படமெடுப்பவர்

ஞாயிறு சாயங்காலம். கரீபியன் தீவு நகரமான சாந்தோ தொமிங்கோவின் பழைய மடத்து இடிபாட்டில் மஞ்சள் விளக்குகள் எரிகின்றன. அதன் அடியில் பாட்டுக்குழு வாசிக்க, சதுக்கம் முழுக்க ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் இடிபாட்டைப் படமெடுக்கிறார்கள். வைக்கோல் தொப்பிக்காரர் ஒருவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்று, எதிரே யோகாஸ்தா வாடகைக்கு இருக்கும் வீட்டின் கதவைப் படமெடுக்கிறார். பிறகு ஜன்னலை. பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். வாசலில் வாழைக்காய் வறுத்து விற்கும் யோகாஸ்தா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமல் பக்கத்தில் நிற்கும் என்னிடம் முணுமுணுக்கிறாள். "பாத்தியா அக்கா? அடுத்த தெரு ரமிரோ வீட்டையும் இப்படித்தான் ஒருத்தன் தட்டிப் பாத்தான். இப்ப அங்க ஹோட்டல் கட்டுறாங்க."

"அழகா இருக்குன்னு எடுக்கிறாரோ என்னவோ," என்கிறேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அவள் அடுப்பை அணைக்கிறாள். இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் போய், "சும்மா நிக்கிறீங்களே, ஆட வாங்க சார்," என்று இழுக்கிறாள். போன் அவர் பைக்குள் போகிறது. டிரம்பெட் அலற, இருவரும் சுழன்று என் பக்கம் வருகிறார்கள்.

"எங்க ஊர் புடிச்சிருக்கா?"

"ரொம்ப. உங்க வீட்டுப் பின்கட்டுல கிணறு இருக்காமே, தண்ணி ஊறுதா?"

தெருவிலிருந்து பார்த்தால் அந்தக் கிணறு தெரியாது; வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தால்தான் உண்டு. யோகாஸ்தாவின் கால் தாளம் தப்பவில்லை. முகத்தில் சிரிப்பும் அப்படியே இருக்கிறது.

"யாரு சொன்னா?"

பாட்டு முடிகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவர் கையை உருவப் பார்க்கிறார், அவள் விடவில்லை.