ஈட்டில் இரண்டு பிட்கொயின்

மூன்று நாளாகச் சோறு தொண்டைக்குள் இறங்காமல் திரிந்த பிரியந்தன், ஞாயிறு காலை மனைவி கௌசிகாவிடம் வாயைத் திறந்தான்.

“அஜக்ஸில வாங்கின வீட்டுக்குக் கட்டின டவுன்பேமென்ட் என்ர சேமிப்பில்லையப்பா. என்ர ரெண்டு பிட்கொயினை ஒரு கொம்பனியில ஈடு வைச்சு எடுத்த கடன்.”

கௌசிகா தேத்தண்ணியை ஆற்றினாள். “நகை அடைவு வைக்கிற மாதிரியோ?”

“ஓம். ஆனா நகையெண்டால் தவணை முடியுமட்டும் பொறுப்பாங்கள். இது விலை விழுந்தால் மார்ஜின் கோல் எண்டு ஈமெயில் வரும். ஒரு நாளுக்குள்ள ஈட்டைக் கூட்டாட்டி, எங்களைக் கேளாமலே வித்துப்போடுவாங்கள்.”

“ஈமெயில் வந்ததோ?”

“எனக்கு ஒண்டும் வரேல்லை. ஆனா விலை பாதாளத்துக்குப் போட்டுது. இப்ப வித்திருப்பாங்கள். கணக்கைத் திறந்து பாக்கவே பயமாக் கிடக்கு.”

“எந்த ஈமெயிலைக் குடுத்தனீங்கள்?”

“எங்கட கலியாணத்துக்கு வாற ஆக்களைக் கணக்கெடுக்கத் திறந்தனாங்களே, அது.”

“அதை இப்பவும் நான்தான் பாக்கிறன். கணக்கைத் திறவுங்கோ.”

போனில் திறந்தான். ஈட்டில் இரண்டு இல்லை. இரண்டரை இருந்தது.

“அரை ஆர் போட்டது?”

“நான்தான், அந்த ஈமெயிலைப் பாத்திட்டு. நாலு வருசமாச் சாப்பாட்டு மேசையில உந்தப் பிட்கொயினைப் பற்றித்தானே கதைச்சனீங்கள்! சீட்டுக் காசெடுத்து நானும் அரை வாங்கி வைச்சனான்.”

அவனுக்குக் கண் கலங்கியது. “ஏனப்பா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

கௌசிகா புட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“சொல்லியிருந்தால், அதையும் கொண்டுபோய் ஈடு வைச்சிருப்பீங்களே!”