மேடு ஏறும் டயர்

"இது வேணாம், வழுக்கும்" என்று வழவழப்பான டயர்களை ஒதுக்கிவிட்டு, ஆழமாகப் பல் வெட்டிய டயர்களை எடுத்தான் தம்பி. ரிமோட் லாரிப் பந்தயத்தில் இரண்டு கோப்பை வாங்கியவன். சுற்றி நின்ற ஐம்பது பேரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"முப்பது வயசுல பொம்மை வண்டியாடா?" என்று தினம் ஒருமுறையாவது வம்புக்கு இழுக்கும் அண்ணன் மட்டும் அங்கே இல்லை. கசிவை அடைக்கப் பாதாள பம்ப் அறைக்குள் காலையில் இறங்கியவன், படிக்கட்டில் மண் சரிந்து மூடியதில் உள்ளேயே மாட்டிக்கொண்டான். கூப்பிட்டால் பதில் இல்லை. மிச்சமிருந்த ஒரே வழி, ஒரு முழம்கூட அகலமில்லாத காற்றுக் குழாய்.

"குழாய் சரிவா இறங்கி, உள்ள கூரையை ஒட்டித் திறக்குது" என்றார் இன்ஜினியர். "பம்ப் மேல ஏறி நின்னா கைக்கு எட்டும்."

"இறங்கறது பெரிசில்ல சார். குழாய் பூரா புழுதி மண்ணு, அதுல திரும்ப ஏறணுமே!"

டயருக்குள் ஸ்பாஞ்சைத் திணித்துச் சக்கரத்தில் மாட்டினான். விளிம்பைப் பசை போட்டு ஒட்டினான். பிறகு ஊசியால் ஒவ்வொரு டயரிலும் ஒரு ஓட்டை போட்டான்.

அண்ணி அவன் கையைப் பிடித்தாள். "நல்ல டயரை ஏன் தம்பி ஓட்டை போடுறீங்க?"

"உள்ள இருக்கற காத்து வெளிய போகணும் அண்ணி. அப்பதான் டயர் அமுங்கி மண்ணைப் பிடிக்கும்."

லாரியின் முதுகில் ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டாமல் சும்மா வைத்தான். இருட்டில் முடிச்சு அவிழ்க்க அண்ணன் திண்டாடக் கூடாதே!

லாரி இறங்கியது. தூரம் பார்க்க அதன் பின்னால் கட்டிய மெல்லிய நூல் இருபதாவது மீட்டரில் நின்றது. அண்ணன் எடுக்கட்டும் என்று ஐந்து நிமிடம் விட்டான். பிறகு அவன் பின்கியர் கொடுக்க, லாரி முக்கி முனகி ஏறியது. டயர் ஏமாற்றவில்லை.

வெளியே வந்த லாரியின் முதுகு காலி!

"எடுத்துட்டாரு! உங்கண்ணன் எடுத்துட்டாரு!" அண்ணி மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதாள். இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மெஷின் வேணாம், பதமா கையாலயே தோண்டுங்க. ஆள் உசுரோட இருக்காரு!"

தம்பி லாரியைத் தூக்கினான். பாரத்தை இறக்கிவிட்டு வந்த வண்டி, போனதைவிடக் கனத்தது. ஒரு டயரை அமுக்கினான். ஓட்டை வழியே தண்ணீர் பீய்ச்சியது. இன்னொன்றை அமுக்கினான், அதிலும் தண்ணீர். லாரியை மெல்லக் கீழே வைத்தான்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அடுத்து தண்ணி பாட்டில் அனுப்புங்க தம்பி. பாவம், தாகத்துல தவிச்சிட்டிருப்பாரு."

"வேணாம் அண்ணி... பொட்டலம் மிதந்துதான் போயிருக்கு. உள்ள கூரை வரைக்கும் தண்ணி."