பட்டினிச் சுறா

திருவனந்தபுரம் காட்சிசாலைக்காகப் பழம்பொருள் தேடிப் பொழியூர்க் கடற்கரைக்கு வந்த குமாஸ்தா நெல்லையப்பன், மீனவப் பெண் சாராம்மாவிடம் இருந்த சுறாப்பல்லைக் கண்டு வாய்பிளந்தார். உள்ளங்கையளவு பல்!

"எங்க கிடைச்சுது?"

"வலையிலயாக்கும். ஏழு வருசமா எங்கிட்ட உண்டு. தரமாட்டேன் ஏமானே."

"வச்சுப் பூசை பண்ணுதியோ?"

"தினமும் காறித் துப்புதேன்."

பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "ஏட்டி, இது கல்லாப் போன பல்லு. மனுசன் பொறக்கதுக்கு முன்னாடியே இந்தச் சுறா பூண்டோட அழிஞ்சாச்சு. கடலடியில கிடந்தது வலையில மாட்டியிருக்கு."

"அப்போ, இது யாரையும் தின்னல்லியா?"

"எங்க தின்ன? லட்சோபலட்சம் வருசமாப் பட்டினியாக்கும்!" என்று சிரித்தார்.

அவள் பல்லை அவர் கையில் திணித்தாள். "கொண்டு போங்க. என்னக் கெட்டியவரு போன கட்டுமரம் தனியாக் கரையேறிச்சு. வலையில இது இருந்துது. சுறா தின்னாச்சுன்னு ஊரு கூடி வெறும் பெட்டியப் புதைச்சு, என் தாலியையும் அறுத்தாவ."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் தாலியை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

ஆளை விழுங்கக் கடலுக்குப் பல் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த நெல்லையப்பன், பல்லைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீங்க போங்க ஏமானே. அவரு பசியோட வருவாரு. நான் உலை வைக்கணும்."