கரை மின்சாரம்

மின்பெட்டியின் முள் நானூறு வோல்ட்டில் அசையாமல் நின்றது. உதயகலா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

பந்தலில் கைதட்டல் எழுந்தது. பிரதம விருந்தினர் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார். இன்றிலிருந்து இந்தத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் டீசல் எரிக்கத் தேவையில்லை, வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்த மின்சாரம் கரையிலிருந்தே போகும் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார்.

ஆனால் துறையில் நின்ற கப்பலின் புகைபோக்கி புகையைக் கக்கிக்கொண்டே இருந்தது.

கரும்புகை மதிலைத் தாண்டிக் குடியிருப்புப் பக்கம் போனது. அங்கேதான் மக்டலீனின் கடைசிப் பிள்ளை இந்த மாதத்தில் இரண்டு தடவை மூச்சுத் திணறித் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது.

உதயகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. துறைமுகத்தின் எலெக்ட்ரீசியன் அவள். ஆறு மாதம் வெயிலில் நின்று, பெட்டியிலிருந்து கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்வரை கேபிள் இழுத்தவள். வீதியிலிருந்து பெட்டிவரை லைன் கொண்டுவருவது மட்டும் அலுவலகத்தின் பொறுப்பு. "லைன் வந்திட்டுது பிள்ளை" என்று மேலதிகாரி இராசநாயகம் காலையில்தான் சொன்னார். முள்ளும் எழும்பி நின்றது. பிறகென்ன?

விறுவிறென்று கப்பலில் ஏறினாள். எஞ்சின் அறை வாசலில் கப்பலின் எஞ்சினியர் சிமியோன் நின்றார். குருநகர்க்காரர்.

"என்னண்ணை, நக்கலே? கரண்ட் தந்தாச்சு. பிறகும் ஏன் ஜெனரேற்றரை ஓடவிட்டிருக்கிறியள்? அங்கை சின்னஞ்சிறுசுகள் மூச்சுவிடேலாமல் கிடக்குதுகள்!"

சிமியோன் கரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கடை பெட்டிக்கு இன்னும் லைன் வரேல்லைத் தங்கச்சி. மைக்குக்கும் விசிறியளுக்கும் கரண்ட் வேணுமெண்டு காலமை இராசநாயகத்தார்தான் வந்து கேட்டவர். உந்தக் கேபிளாலை நாங்கள்தான் கரைக்குத் தாறம்."



உதயகலா இறங்கி வந்தாள். பெட்டியைத் திறந்தாள். பெரிய சுவிட்சைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

விசிறிகள் நின்றன. விருந்தினரின் பேச்சு பாதிச் சொல்லில் அறுந்தது.

இராசநாயகம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எடி பிள்ளை, போடு! கெதியாப் போடு! வேலை போயிடும்!"

அவள் பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டாள். அவரை விலக்கிக்கொண்டு பந்தலுக்குள் நடந்தாள்.

கடைசி வரிசைகளில் குடியிருப்புப் பெண்கள் இருந்தார்கள். கைதட்டுவதற்காகக் கூட்டிவரப்பட்டவர்கள். மக்டலீன் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். என்ன நடந்தது என்று தெரியாமல் எல்லோரும் உதயகலாவையே பார்த்தார்கள்.

அந்த முகங்களைக் கண்டதும் அவளுடைய கோபம் இராசநாயகத்தை விட்டுவிட்டு அவள்மேலேயே திரும்பியது.

"அக்காமார்," என்றாள்.

கப்பல் வரட்டும், புகை வராது, அதுக்கு நான் பொறுப்பு என்று வீடு வீடாக ஏறி இறங்கி துறைமுகத்துக்குச் சம்மதம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கியவள் அவள்தான்.