பெண் பார்க்க ஒரு மலை

“வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்று ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் கேட்டார். பதில் சொல்ல வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான்.

“வீட்ல உக்காந்தா இவ பேச மாட்டா. மவுண்ட் ஹேரியட் மலையில நடந்துக்கிட்டே மாப்பிள்ளைகிட்டப் பேசட்டும்” என்றாள் அம்மா.

மாப்பிள்ளை வீட்டுக் காரில் இருவர் வந்தார்கள். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடிக்காரர். அவர் பக்கமே நான் திரும்பவில்லை. வண்டி ஓட்டியவரிடம்தான் வாய் திறந்தது.

மலையில் ஆங்காங்கே இறங்கி நடந்தோம். அம்மா மூச்சு வாங்கிப் பின்தங்கினாள். காலாபத்தர் காட்டுப் பாதையில் என் காலில் அட்டை ஏறியது. ஓட்டியவர்தான் உப்புப் போட்டு எடுத்தார்.

“தேங்க்ஸ்ண்ணா.”

“அரே, அண்ணா வேணாங்க.”

“சரிங்கண்ணா.”

யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதுவதைக்கூட அவரிடம் சொன்னேன். படிக்கத் தருவீர்களா என்று கேட்டார். “எனக்கு இப்படி ஒரு அண்ணன் இல்லாமப் போச்சே!” என்று உருகினேன்.

வீட்டு வாசலில் அம்மா கிசுகிசுத்தாள். “மாப்பிள்ளையப் பிடிச்சிருக்கா?”

“கண்ணாடிக்காரர் வேணாம்மா. டிரைவர் அண்ணா மாதிரி ஒருத்தரைப் பாரேன்.”

“அடிப்பாவி! ஓட்டினவர்தான்டி மாப்பிள்ளை. மத்தவர் அவரோட மச்சான். போட்டோ காட்டினேனே?”

காட்டினாள். வெட்கத்தில் நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

திரும்பினேன். நான் காரில் மறந்த குடையோடு, எல்லாம் கேட்கும் தூரத்தில் அவர் நின்றிருந்தார். குடையைப் படியில் வைத்துவிட்டு நடந்தார்.

“கூப்பிடுடி!” என்று அம்மா தள்ளினாள்.

என்னவென்று கூப்பிடுவது? நாள் முழுக்கக் கூப்பிட்டதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.