சூடு ஆறிய பிறகு

புவனகிரி பெட்ரோல் பங்கில் வெயில் தகரக் கூரை மேல் அசையாமல் நிற்கிறது. வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் சிந்துஜா, உடன் வேலை செய்யும் கண்ணாயிரத்திடம் தான் எழுதும் கதையைச் சொல்கிறாள். விண்வெளியில் தாய்க்கப்பலின் வயிற்றுக்குள் குட்டிக் கலங்கள் வந்து நிற்கின்றன; சூடு ஆறிய பிறகுதான் குழாயை மாட்டி எரிபொருள் ஏற்றுவார்கள். "ஏம்மா, அங்கயும் வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்கணுமா?" என்று அவர் சிரிக்கிறார். அப்போது பின்சீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் கணவன் அன்பரசு பைக்கில் வந்து நிற்கிறான். "ஃபுல் பண்ணு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்." டேங்க் மூடியைத் தொட்டால் சுடுகிறது. "கொஞ்சம் ஆறட்டும்." "பெட்ரோலுக்கு என்னாத்துக்கு ஆறணும்? போடு." அவள் கை தானாகக் குழாயை எடுக்கிறது. வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வதையே வாயும் சொல்கிறது: "ஜீரோ பாத்துக்குங்க சார்."