செல்வினின் வலக்கை

வேகப்பந்து வீச்சாளன் செல்வின் கடைசி ஓவருக்கு முன் வலக்கையால் காதைத் தொட்டால், அதன் அர்த்தம் அவன் மனைவி மெர்சிக்கு மட்டும்தான் தெரியும்: "மீன்குழம்பு வை, வந்துடுறேன்."

அவன் செத்ததும், அந்தப் பந்துவீச்சு வீணாகக் கூடாதென்று, அவன் வலக்கையின் நரம்புப் பழக்கத்தை அப்படியே எடுத்து, அணியில் சேர்ந்த நிர்மல் என்ற புதுப் பையனின் கையில் டாக்டர்கள் ஏற்றினார்கள். மெர்சிதான் சம்மதம் கொடுத்தாள்.

இன்று டிவியில், கடைசி ஓவருக்கு முன் நிர்மல் காதைத் தொட்டான். மெர்சி தன்னையறியாமல் எழுந்துபோய்ப் புளியைக் கரைத்தாள்.

குழம்பை இறக்கும் நேரத்தில் கிரில் கேட்டுக்கு வெளியே நிர்மல் நின்றான்.

"அக்கா, இங்க எதுக்கு வந்தேன்னு எனக்கே தெரியல. தயவுசெஞ்சு திறக்காதீங்க."

அவன் பின்வாங்கப் பார்த்தான். வலக்கை மட்டும் நிதானமாகக் கம்பிக்குள் நுழைந்து, மறைவிலிருந்த தாழ்ப்பாளைத் தேடாமலே திறந்தது.